ஐம்பதாம் நாளும் உடன்படிக்கையும்

அரபு மொழி பேசும் கிறிஸ்தவர்கள் தம் பெந்தெகொஸ்தே பெருநாளை 'ஈதுல் அன்ஸரா' என்று அழைக்கின்றனர். ஸர்ஃப் இலக்கணம் பயிலும் மாணவர் இச்சொல்லைக் கண்டவுடன் 'அஸர' எனும் வினையடியையே நினைப்பார். பிழிதல் என்பது அதன் பொருள். யூஸுஃப் (அலை) அவர்களின் சிறைத்தோழர் கண்ட கனவிலும் (12:36), பஞ்சம் நீங்கிய பின் வரும் செழிப்பான ஆண்டைக் கூறுமிடத்திலும் (12:49) திருக்குர்ஆன் இவ்வினையை ஆளுகிறது. ஆயின் அன்ஸராவுக்கும் பழம் பிழிவதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. அது பிறப்பால் அரபுச் சொல்லே அன்று. எபிரேய மொழியின் 'அஸெரெத்' என்பது அரமேய மொழியில் 'அஸர்தா' ஆகி, அரபியில் 'அன்ஸரா'வாகத் திரிந்தது. இடையில் தோன்றிய நகரம் இரட்டித்த ஸாதின் திரிபு. கி.பி. முதல் நூற்றாண்டின் யூத வரலாற்றாசிரியர் ஜோசிபஸ் கிரேக்கத்தில் எழுதும்போதும், இந்நாளைத் தம் மக்கள் அஸர்தா என்பர் என்றே குறிக்கிறார்.

அஸெரெத் என்றால் நிறைவுக் கூட்டம். பாஸ்காவில் தொடங்கி ஏழு வாரங்களை எண்ணி முடிக்கும் நாளாதலின் யூத அறிஞர் அதற்கு அப்பெயரிட்டனர். ஆகவே பக்தாதிலோ பெய்ரூத்திலோ ஓர் அரபுக் கிறிஸ்தவர் தம் பெருநாளின் பெயரைச் சொல்லும்போதெல்லாம், அறிந்தோ அறியாமலோ, யூதப் பெருநாள் ஒன்றின் பெயரையே சொல்கிறார். (அந்தலூஸிலும் மக்ரிபிலும் இப்பெயர் ஜூன் 24 ஆம் நாள் கோடை விழாவுக்குச் சென்று ஒட்டிக்கொண்டது. அதில் தீ மூட்டுவதையும் நீர் தெளிப்பதையும் மாலிகீ ஃபகீஹ்கள் கண்டித்து எழுதியது தனிக் கதை.) தமிழ்க் கிறிஸ்தவர்களுள் சீர்திருத்தத் திருச்சபையார் 'பெந்தெகொஸ்தே' எனும் கிரேக்கச் சொல்லை வழங்குகின்றனர். அதற்கு 'ஐம்பதாவது' என்பதற்கு மேல் பொருளில்லை. கத்தோலிக்கர் 'தூய ஆவிப் பெருவிழா' என்கின்றனர். இரண்டு பெயர்களும் வேரைக் காட்டாதவை. வேர் மறைந்ததனால் பொருளிலும் ஒரு பங்கு மறைந்ததா என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகும் வினா.

வேதக்காரர்களின் பெருநாள்களைக் குறித்து நாம் ஏன் ஆராய வேண்டும் என்று வினவுவோர் அல்லாமா அபூரைஹான் அல்பீரூனி அவர்களின் 'அல்ஆஸாருல் பாகியா'வைப் புரட்டிப் பார்க்கட்டும். கி.பி. 1000 ஆம் ஆண்டளவில் எழுதப்பட்ட அந்நூலில் யூதர், கிறிஸ்தவர், மஜூஸிகள் ஆகியோரின் ஆண்டுக்கணக்கும் பெருநாள்களும் அவரவர் சொல்லும் முறையிலேயே வகுத்துரைக்கப்பட்டுள்ளன. மறுப்பதற்கு முன் அறிதல் வேண்டும் என்பது நம் முன்னோர் கைக்கொண்ட நெறி.

தவ்றாத்தில் மூன்று பெருநாள்கள் 'ஹக்' எனப்படுகின்றன. நம் 'ஹஜ்' எனும் சொல்லின் உடன்பிறப்பு அது. இஸ்ரவேலின் ஆண்மக்கள் ஆண்டுக்கு மூன்று முறை இறைசந்நிதிக்குப் பயணம் மேற்கொள்ள வேண்டும். அவற்றுள் நடுவணது, தமிழ் விவிலியம் 'வாரங்களின் பண்டிகை' என்று பெயர்க்கும் 'ஷாவுஓத்'. பாஸ்காவை ஒட்டி முதல் வாற்கோதுமைக் கதிர்க்கட்டு படைக்கப்படும். அன்றிலிருந்து ஏழு வாரங்கள் எண்ணப்பட்டு, ஐம்பதாம் நாளில் புதுக்கோதுமை மாவால் சுட்ட இரண்டு அப்பங்கள் கொண்டுவரப்படும். பாஸ்காவில் புளிப்பு அறவே விலக்கு. இவ்விரு அப்பங்களோ புளித்த மாவினால் ஆனவை. எந்த நாளிலிருந்து எண்ணத் தொடங்குவது என்பதில் யூதருள் பெரும் பிணக்கு இருந்தது. 'ஓய்வுநாளின் மறுநாள்' என்ற தொடரைப் பரிசேயர் பாஸ்காப் பெருநாளின் மறுநாள் என்றனர். பைத்தூஸியர் எனப்பட்டோர் வாரச் சனிக்கிழமையின் மறுநாள் என்றனர். நாம் பிறைக்குப் பிணங்குவதை எண்ணிச் சலித்துக்கொள்வோர்க்கு இது ஓர் ஆறுதலாகலாம்.

இப்பெருநாளின் பந்தியில் யார் யார் அமர வேண்டும் என்பதை உபாகமம் 16 ஆம் அதிகாரம் பெயர் சொல்லி வகுக்கிறது. மகனும் மகளும், அடிமை ஆணும் அடிமைப் பெண்ணும், நிலமற்ற லேவியனும், அந்நியனும், திக்கற்ற பிள்ளையும், விதவையும் அதில் இடம்பெறுவர். எகிப்தில் அடிமையாயிருந்ததை நினைவில் வைக்க வேண்டும் என்பதே அதற்குச் சொல்லப்படும் காரணம். இப்பட்டியலை வாசகர் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம். பின்னர் இதனிடம் திரும்பி வருவோம்.

வியப்பு யாதெனில், தவ்றாத்தின் வாசகத்தில் இந்நாளுக்கும் சீனாய் மலைக்கும் தொடர்பு வெளிப்படையாகக் கூறப்படவில்லை. எகிப்திலிருந்து புறப்பட்ட மூன்றாம் மாதத்தில் மக்கள் சீனாயை அடைந்தனர் என்று மட்டும் யாத்திராகமம் 19 கூறுகிறது. ஷாவுஓத் வருவதும் அதே மூன்றாம் மாதம். இந்த இடைவெளியைப் பிற்காலத்தார் நிரப்பினர். ஆசா எனும் அரசர் மூன்றாம் மாதத்தில் மக்களை எருசலேமில் கூட்டி ஆணையிட்டு உடன்படிக்கை செய்தார் என்று நாளாகமம் கூறும். கி.மு. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த யூபிலிகள் எனும் நூல், நூஹ் (அலை), இப்ராஹீம் (அலை) ஆகியோருடன் இறைவன் செய்த உடன்படிக்கைகளையும் இதே பெருநாளுக்குரியனவாக்கிற்று. எபிரேயத்தில் 'வாரங்கள்' என்பதும் 'ஆணைகள்' என்பதும் ஒரே எழுத்துகளால் அமைந்தவை, உயிர்க்குறியே வேறுபாடு. உயிர்க்குறியின்றி எழுதும் மொழியில் இத்தகைய இரட்டுறல் எத்துணை எளிது என்பதை அரபு அறிந்தார்க்கு விளக்க வேண்டுவதில்லை. 1947 முதல் சாக்கடல் அருகே கும்ரான் குகைகளில் வெளிப்பட்ட சுருள்கள், அங்கு வாழ்ந்த துறவுக் கூட்டத்தார் ஆண்டுதோறும் உடன்படிக்கையைப் புதுப்பித்ததைக் காட்டின. அவ்விழா மூன்றாம் மாதத்திற்குரியது என்பதும் அச்சுருள்களாலேயே அறியப்படுகிறது. கி.பி. 70 இல் உரோமர் ஆலயத்தை இடித்தபின் அப்பம் படைக்கப் பலிபீடம் இல்லாது போயிற்று. அறுவடைப் பொருள் மங்கி, தவ்றாத் அருளப்பட்ட நாள் என்ற பொருளே ஓங்கிற்று. தல்மூத் அறிஞர் சீவான் மாதம் ஆறா ஏழா என்று வாதிட்டனரேயன்றி, இப்பெருநாளே அந்நாள் என்பதில் ஐயுறவில்லை.

நம் முஃபஸ்ஸிரீன்கள் இந்நிகழ்ச்சிக்குக் கூறும் காலம் வேறு. மூஸா (அலை) அவர்களுக்கு முப்பது இரவுகள் வாக்களிக்கப்பட்டு மேலும் பத்தால் நிறைவாக்கப்பட்டன எனும் வசனத்திற்கு (7:142) விளக்கம் தரும் இப்னு கஸீர் போன்றோர், முப்பது என்பது துல்கஃதா, பத்து என்பது துல்ஹஜ்ஜின் முதல் பத்து என்ற கருத்தைப் பெரும்பான்மையோரின் கருத்தாக எடுத்துரைக்கின்றனர். அதன்படி அந்நிறைவு ஹஜ்ஜுப் பெருநாளுக்குரியதாகிறது. யூதரும் அதை ஒரு 'ஹக்' நாளுக்குரியதாக்கினர். நம்மவரும் ஹஜ்ஜோடு இணைத்தனர். இரு கணக்குகளையும் ஒன்றாக்க நாம் முற்படவில்லை. ஒரு சமூகம் இறைவனிடம் ஒப்பந்தம் செய்த நாளைத் தன் பயணப் பெருநாளோடு பிணைத்துக்கொள்வது இயல்பு என்பதே நம் கருத்து.

இன்னொன்றையும் சொல்லாமல் கடக்க மனமில்லை. மலையடிவாரத்தில் மக்கள் கேட்டு நடப்போம் என்று வாக்களித்ததை எபிரேய வேதம் 'அஸீனூ' எனும் வினையால் குறிக்கிறது; செய்வோம் என்பது அதன் பொருள். மீஸாக் வாங்கி மலையை உயர்த்தியதைக் கூறும் திருக்குர்ஆன் வசனத்தில் (2:93) அம்மக்களின் வாய்ச்சொல்லாக வருவது 'அஸைனா'. மாறு செய்தோம் என்பது பொருள். ஒலி ஏறத்தாழ ஒன்று, பொருள் நேர்முரண். நாவு சொன்னதும் நடத்தை சொன்னதும் எவ்வளவு விலகின என்பதை ஓர் ஒலியொப்புமை வழியே இறைமறை புலப்படுத்துகிறதோ என்று மொழி ஆய்வாளர் எண்ணுவதில் நியாயம் உண்டு.

இனி, அப்போஸ்தலர் நடபடிகள் இரண்டாம் அதிகாரத்திற்கு வருவோம். ஈஸா (அலை) அவர்களின் சீடர்கள் எருசலேமில் ஓரிடத்தில் கூடியிருந்தபோது பலத்த காற்றின் முழக்கம் எழுந்தது. தீ நாவுகள் ஒவ்வொருவர் மேலும் வந்தமர்ந்தன. அவர்கள் வெவ்வேறு மொழிகளில் பேசத் தொடங்கினர். பல நாடுகளிலிருந்து வந்திருந்தோர் தத்தம் மொழியைக் கேட்டு வியந்தனர் என்பது அங்கு கூறப்படும் செய்தி. அத்தனை நாட்டார் அந்நகரில் ஏன் திரண்டிருந்தனர் என்ற கேள்வியைத் தமிழ் மேடைகளில் எழுப்புவோர் அரியர். ஷாவுஓத் பயணம் என்பதே விடை. பார்த்தர், மேதியர், மெசொப்பொத்தாமியர், அரபியர் எனப் பட்டியலிடப்படுவோர் யூத ஹாஜிகளும் யூத நெறி தழுவியோருமே ஆவர்.

காற்று, தீ, பேரொலி மூன்றும் சீனாயின் அடையாளங்கள். அலெக்சாந்திரியாவின் யூத மெய்யியலார் ஃபைலோ, சீடர்களின் காலத்திலேயே, சீனாயில் எழுந்த இறைக்குரல் தீயாகிக் கேட்போர்க்கு உரிய மொழியாயிற்று என்னும் கருத்தை எழுதியிருந்தார். அக்குரல் எழுபது மொழிகளாகப் பிரிந்தது என்பது தல்மூத் தரும் செய்தி. இது பின்னரே எழுத்தில் வந்தது. ஆகவே இதிலிருந்துதான் லூக்கா எடுத்தார் என்று அடித்துச் சொல்வதற்கில்லை. சீனாய் என்ற பெயரை லூக்கா அவ்வதிகாரத்தில் சொல்லவே இல்லை என்று மறுக்கும் அறிஞரும் உளர். எனினும் அக்காலத்து யூதர் ஒருவர் இந்நாளில் இக்காட்சியைக் கேட்டால் எந்த மலையை நினைத்திருப்பார் என்பதில் நமக்கு ஐயமில்லை. பேதுருவின் உரையில் எடுத்தாளப்படும் யோவேல் தீர்க்கதரிசனத்தில் ஆவியைப் பெறுவோர் யார்? மகன்கள், மகள்கள், அடிமை ஆண்கள், அடிமைப் பெண்கள். உபாகமம் அறுவடைப் பந்திக்கு அழைத்த அதே பட்டியலின் முற்பகுதி இது! அன்று உணவில் பங்கு, இன்று வஹ்யின் மொழியில் பங்கு என்று இதை வாசிக்கலாம். அவ்வதிகாரத்தின் இறுதியில் சீடர்கள் சொத்தை விற்று இல்லாதார்க்குப் பகிர்ந்ததாக வருவதும் அப்பந்தியின் தொடர்ச்சியே.

கிறிஸ்தவப் போதகர் பலர் விரும்பிக் கையாளும் ஓர் ஒப்பீடு உண்டு. சீனாயில் காளைக்கன்றின் நிகழ்ச்சியில் மூவாயிரம் பேர் மாண்டனர்; பெந்தெகொஸ்தே நாளில் மூவாயிரம் பேர் சேர்க்கப்பட்டனர்; ஆகவே சட்டம் கொல்லும், ஆவி உயிர்ப்பிக்கும் என்பர். எண்கள் இரண்டும் நூல்களில் உள்ளவைதாம். ஆனால் வாதம் பிழையானது. அம்மூவாயிரம் பேர் மாண்டது உடன்படிக்கை அருளப்பட்டதால் அன்று, அது முறிக்கப்பட்டதால். அதன் பின்பும் இரண்டாம் முறை பலகைகள் வழங்கப்பட்டு உடன்படிக்கை புதுப்பிக்கப்பட்டதை யாத்திராகமம் 34 கூறுகிறது. அக்குற்றத்திற்குப் பின்னரும் மன்னிப்பு அருளப்பட்டதைத் திருக்குர்ஆனும் (2:52) உரைக்கிறது. சீனாயைச் சாவின் மலையாகச் சித்திரிப்பது அம்மலையின் முழுக் கதையையும் வாசியாதோர் செய்வது.

இது வெறும் உரைவேறுபாடன்று. எரேமியா கூறிய புதிய உடன்படிக்கை இஸ்ரவேலோடும் யூதாவோடும் செய்யப்படுவதாகவே அவ்வாசகத்தில் உள்ளது. சட்டம் நீக்கப்படும் என்பதன்று, உள்ளத்தில் எழுதப்படும் என்பதே அதன் செய்தி. முதல் தலைமுறைச் சீடர்கள் இதை அறிந்திருந்தனர். பவுல்கூட அப்பெருநாளுக்குள் எருசலேம் சேர விரைந்தார் என்று அதே நூல் கூறுகிறது. கி.பி. 325 இல் நிக்கேயா சங்கம் உயிர்ப்பு ஞாயிறை யூதர் கணக்கினின்று பிரித்தது. அதனைப் பின்பற்றிய ஐம்பதாம் நாளும் ஷாவுஓத்தைவிட்டுப் பிரிந்து நிலையான ஞாயிறாயிற்று. 386, 387 ஆம் ஆண்டுகளில் அந்தியோக்கியாவில் யோவான் கிறிசோஸ்தோம், யூதப் பெருநாள்களுக்குச் செல்லும் கிறிஸ்தவர்களைக் கடுஞ்சொற்களால் ஏசினார். அவ்வளவு காலமும் மக்கள் சென்றுகொண்டிருந்தனர் என்பதற்கு அவ்வசையே சான்று. அகுஸ்தீன் இரு ஐம்பதாம் நாள்களையும் அருகருகே வைத்து, கல்லில் எழுதிய விரலே உள்ளத்தில் எழுதியது என்று விளக்கினார்; தொடர்பை அவர் மறக்கவில்லை. ஆயினும் பழைய உடன்படிக்கை காலாவதியாயிற்று, அதன் மக்கள் தள்ளப்பட்டோர் என்ற போதனையே ஐரோப்பாவில் வென்றது. அதன் விளைவுகளை உலகம் அறியும். 1965 இல் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட அறிக்கையில்தான் கத்தோலிக்கத் திருச்சபை யூதர் தள்ளப்பட்டோர் எனும் கூற்றைக் கைவிட்டது. அடைக்கலம் தந்து அவர்களை வாழவைத்த அந்தலூஸின் வரலாற்றைக் கற்பிக்கும் நமக்கு இத்திருத்தத்தின் அருமை விளங்கும்.

தமிழ்நாட்டிற்கு வருவோம். தரங்கம்பாடியில் சீகன்பால்கு காலந்தொட்டு அச்சேறிய தமிழ் விவிலியத்தின் இரு பகுதிகளையும் 'பழைய ஏற்பாடு', 'புதிய ஏற்பாடு' என்கிறோம். ஏற்பாடு என்பது ஒப்பந்தமே. நூலின் பெயரே உடன்படிக்கையாயிருக்க, வாசிப்போர் அதை ஒரு தலைப்பாக மட்டும் கடந்துவிடுகின்றனர். எபிரேய 'பெரித்' எனும் சொல்லுக்கு அவர்கள் கையாளும் 'உடன்படிக்கை' என்பதையே நாம் ஹுதைபிய்யாவுக்கும் வழங்குகிறோம். சொல் பொது, அதன் கனமும் பொதுவாயிருத்தல் வேண்டும்.

எம் ஆலங்குளம் வட்டாரத்தில் (தென்காசிப் பக்கத்து ஆலங்குளம் அன்று, சிவகாசிக்கும் இராசபாளையத்துக்கும் இடைப்பட்ட, சிமெண்ட் ஆலையுள்ள ஆலங்குளம்) கிறிஸ்தவ அண்டை வீட்டாரின் திருநாள்களை நெடுங்காலம் கவனித்ததில் ஒன்று புலனாயிற்று. ஷாவுஓத்தின் மூன்று இழைகளும் இங்கு அழியவில்லை. தனித்தனியே பிரிந்து கிடக்கின்றன. விளைச்சலின் முதற்பலனைக் கோயிலுக்குக் கொணர்ந்து ஏலமிடும் அறுப்பின் பண்டிகையும் ஸ்தோத்திரப் பண்டிகையும், சாதி சமயம் பாராது பந்தியிடும் அசனமும் ஒருபுறம். மெதடிஸ்டு மரபிலிருந்து 1947 இல் உருவான தென்னிந்தியத் திருச்சபைக்கு வந்து, ஆண்டின் தொடக்கத்தில் நடைபெறும் உடன்படிக்கை ஆராதனை இன்னொருபுறம். ஆவியின் வருகையை மட்டும் நினைக்கும் பெந்தெகொஸ்தே ஞாயிறு மற்றொருபுறம். கரிசல் சம்சாரி தன் கம்பையும் சோளத்தையும் சுமந்துவரும் நாளே உண்மையில் பெந்தெகொஸ்தேயின் மூத்த வடிவம் என்று சொன்னால் கேட்போர் வியக்கின்றனர். பிரித்த இழைகளை மீண்டும் முறுக்கும் பணி அச்சமயத்தாருக்குரியது. சுட்டிக்காட்டுவதோடு நாம் நிற்கிறோம்.

இப்பகுதிக்கு இப்பெருநாளோடு வேறோர் உறவும் உண்டு. இன்று பட்டாசுக்கும் தீப்பெட்டிக்கும் பெயர்பெற்ற சிவகாசி அன்று திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்திருந்தது. கேம்பிரிட்ஜ் கல்வியாளரான ராக்லண்ட் 1854 இல் தொடங்கிய வடதிருநெல்வேலி ஊர்சுற்றி ஊழியத்தின் இருப்பிடம் அது. 1858 அக்டோபர் 22 இல் அவர் அங்கேயே காலமானார். அவருக்கு முன்பே, 1840 இல், ஜான் கிறிஸ்டியன் அருளப்பன் (1810–1867) வத்திராயிருப்பு வட்டாரத்தில் கிறிஸ்டியான்பேட்டை எனும் ஊரை அமைத்திருந்தார். பாளையங்கோட்டையில் இரேனியுஸிடம் பயின்றவர் அருளப்பன். பின்னர் அந்தோனி நாரிஸ் குரோவ்ஸ் என்ற ஆங்கிலேயரோடு இணைந்தார். அந்தக் குரோவ்ஸ் 1829 முதல் 1833 வரை பக்தாதில் வாழ்ந்து, 1831 ஆம் ஆண்டின் கொள்ளைநோயில் மனைவியை இழந்து, அதன்பின் இந்தியா வந்தவர். மிஷனிடமிருந்து சம்பளம் பெறாமல், இறைவனை மட்டும் நம்பி ஊழியம் செய்யும் வழக்கத்தை அருளப்பன் அவரிடம் கற்றார். நம்மவர் தவக்குல் என்பதை நினைவூட்டும் வழக்கம் அது.

1860 மே முதல் வாரத்தில் அருளப்பனின் மக்களிடையே பெரும் எழுப்புதல் உண்டாயிற்று. அமெரிக்காவிலும் அயர்லாந்திலும் அதற்குச் சற்று முன் நிகழ்ந்த எழுப்புதல்களின் செய்தி அவரை எட்டியிருந்தது. மக்கள் நடுங்கி விழுந்தனர். மார்பில் அறைந்துகொண்டு பாவங்களை அறிக்கையிட்டனர். ஆண்களும் பெண்களும் தீர்க்கதரிசனம் உரைத்தனர். அடுத்து வந்த வாரங்களில் சிலர் அறியா மொழியில் துதித்தனர், வேறு சிலர் அதற்குப் பொருள் கூறினர் என்று அருளப்பனின் எழுத்துகள் தெரிவிக்கின்றன. ஆங்கிலத் திருச்சபை மிஷனைச் சேர்ந்த ஆஷ்டன் டிப் இதுபற்றி எழுதியது அதே ஆண்டில் இலண்டனில் அச்சாயிற்று. அருளப்பனின் நாட்குறிப்புகளை ஜி. எச். லாங் 1939 இல் நூலாக்கினார். உலகப் பெந்தெகொஸ்தே இயக்கத்தின் தொடக்கமாக லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் அசூசா தெருவை, 1906 ஆம் ஆண்டைக் கூறுவது வழக்கம். அதற்கு 46 ஆண்டுகள் முன்னரே மேற்கு மலையடிவாரத்து ஊரொன்றில் இது நிகழ்ந்தது. இதனை நம் மாவட்டத்தாரே அறியாதிருப்பது இரங்கத்தக்கது.

அந்நாளைய அனுபவங்களின் மெய்ம்மையைத் தீர்ப்பது நம் வேலையன்று. நம் அகீதாவின்படி ரூஹுல் குத்ஸ் என்போர் ஜிப்ரீல் (அலை) என்பதே பெரும்பான்மை முஃபஸ்ஸிரீன்களின் முடிவு, அவ்வேறுபாடு தெளிவானது. வரலாற்று நோக்கில் நாம் காண்பது வேறு. அங்கு பெண்கள் பேசினர். தமக்குரிய வருவாய் ஏதுமின்றி ஏழை எளியோர் ஊர் ஊராகப் புறப்பட்டு உரைத்தனர். யோவேலின் பட்டியலும் உபாகமத்தின் பட்டியலும் ஒருசேர உயிர்பெற்ற காட்சி அது. ஷாவுஓத் என்ற பெயரை அறியாமலேயே அவ்வூரார் அதன் பாதியை மீட்டனர். மறுபாதியாகிய சட்டம் உடன் வரவில்லை. மீஸாக் என்பது உணர்ச்சிப் பெருக்கோடு முடிவதன்று. மலையிலிருந்து இறங்கிய பின் நாள்தோறும் நடக்க வேண்டிய நடை அது. அருளப்பன் உயிரோடிருந்தவரை அவருடைய நிதானம் அக்குறையை ஈடுசெய்தது.

அவ்வலை திருவிதாங்கூருக்கும் பரவியது. அங்கு 1870களில் மீண்டும் எழுந்த எழுப்புதலின் தலைவருள் ஒருவர், பிராமண குலத்திலிருந்து கிறிஸ்தவம் தழுவிய யூஸ்தூஸ் யோசேப்பு. இன்னும் ஆறாண்டில், 1881 இல், கிறிஸ்து திரும்பி வருவார் என்று 1875 இல் அவர் குறித்துரைத்தார், திரளானோர் நம்பினர். உபாகமம் எண்ணச் சொன்னது தொடங்கிவிட்ட அறுவடையிலிருந்து ஏழு வாரங்களை. இவர்கள் எண்ணியதோ இனி வரவிருக்கும் முடிவுக்கான ஆண்டுகளை. 1881 வந்து சென்றது. எஞ்சியோர் யுயோமயம் எனும் சிறு பிரிவாகத் தங்கினர். ஏனையோர் தத்தம் பழைய சபைகளுக்குத் திரும்பினர்.